எஸ் விழவில்லை

அக்காவிடம் எதையும் "கெட்டுப்போச்சு" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. "எது கெட்டுப்போச்சு?" என்று கேட்பார். மின்விசிறி என்றால் போதாது. சுவிட்சா, ரெகுலேட்டரா, வயரா, மோட்டாரா என்று தெரிந்தாக வேண்டும். அதற்குள் யாராவது புதிதாக வாங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தால், "நக்கோ. கைக்கு?" என்பார். வேண்டாம், எதற்கு என்று பொருள். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய எனக்கு அந்தத் தமிழ் முதலில் வேடிக்கையாக இருந்தது. இரண்டு வருஷத்தில் என் வாயிலும் நக்கோ வந்துவிட்டது.

அவர் பெயர் வேண்டாம். மகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் மேடம். எனக்கு மட்டும் அக்கா.

மத்திய அரசின் ஒரு பெரிய தொழிற்சாலையில், சம்பளப் பிரிவில் எங்களுக்கு வேலை. கம்பெனி பஸ் போலாரத்தில் அவரை ஏற்றிக்கொண்டு வரும். லோத்குண்டாவில், பட்டாளத்துச் சுவர் முடிகிற இடத்தில், நான் ஏறுவேன். பக்கத்து சீட்டில் தன் கைப்பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். அந்தப் பையே ஒரு கதை. ஜிப் போய்விட்டது என்று அவருடைய நாத்தனார் குப்பையில் போட்டது. ஜிப்பின் பற்களில் கோளாறு இல்லை, மேலே ஓடுகிற தலைதான் சற்று வாய் பிளந்துவிட்டது என்று அக்கா கண்டுபிடித்து, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினார். அதற்கப்புறம் நான் பார்த்த வரைக்கும் அது மூடித் திறந்துகொண்டுதான் இருந்தது.

அவருக்கென்று ஒரு வழிமுறை இருந்தது. சந்தேகப்பட்ட பொருளை, நன்றாக இருக்கிற இன்னொன்றோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது. எரியாத ட்யூப்லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றி, எரிகிற விளக்கில் போடுவார். அங்கே எரிந்தால் ஸ்டார்ட்டர் மேல் குற்றமில்லை. அப்புறம் குழாய். அப்புறம் சோக். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக மாற்றினால், விளக்கு எரிந்தாலும் அவருக்குப் பிடிக்காது. எதனால் எரிந்தது என்று தெரியாமல் போய்விடுமே. என் குக்கர் விசில் அடிக்காமல் போனபோது, பஸ்ஸிலேயே தன் குக்கரின் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் கேஸ்கெட்டை மட்டும் கொண்டுவந்தார். அந்த வாரம் முழுவதும் கம்பெனி பஸ்ஸில் குக்கர் மூடிகள் போவதும் வருவதுமாக இருந்தன. கடைசியில் விசிலின் துவாரத்தில் ஒரு துவரம்பருப்பின் தோல் ஒட்டியிருந்தது தெரிந்தது.

இதெல்லாம் பொருள்களோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் மகள் ஒன்றாம் வகுப்பில் எல்லாவற்றிலும் முட்டை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, குழந்தைக்கு மந்தம், இந்த வருஷம் நிறுத்திவைத்துவிடலாம் என்றார்கள். என் கணவர் அதட்டினார், நான் அடித்தேன். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, குழந்தையைத் திட்டாமல் கொள்ளாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் எழுதினால் சரியாக எழுதுகிறாளா? எழுதுகிறாள். டீச்சர் வாயால் சொன்னால் எழுதுகிறாளா? எழுதுகிறாள். போர்டைப் பார்த்து எழுதினால்? அங்கேதான் எல்லாம் தப்பு. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வேறொன்றும் சொல்லாதே, ஒரு வாரம் முதல் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லு, அது போதும் என்றார். அந்த வாரத்தில் பாதி மார்க் வந்துவிட்டது. பிறகு கண்ணாடி போட்டோம். அந்தக் குழந்தையை எத்தனை அடி அடித்திருப்பேன் என்று நினைத்து நான் அழுதபோது அக்காவுக்கு அது புரியவில்லை. "கைக்கு அழறே? எதுன்னு தெரிஞ்சுடுச்சில்ல?" என்றார். எது என்று தெரிந்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்பது அவர் கணக்கு.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். சிலர் அவரிடம் மறைத்தார்கள். அவர் கணவரே மறைப்பார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த, அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டு இஸ்திரிப்பெட்டி சூடாகவில்லை என்று அக்கா அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பத்து நாள் ஆராய்ச்சி செய்தபோது, அவர் புதிதாக ஒன்று வாங்கி அலமாரிக்கு மேலே துண்டால் மூடி ஒளித்துவைத்திருந்தார். அக்கா குளிக்கப் போகிற நேரத்தில் எடுத்துச் சட்டைக்குத் தேய்த்துக்கொள்வாராம். அவசரம் உள்ளவர்கள் அக்காவோடு குடித்தனம் நடத்துவது கஷ்டந்தான்.

எண்பதுகளின் பிற்பாதியில் எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றுக்காக ஒரு அறையைத் தடுத்து, ஏசி வைத்து, ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிருக்கு அக்கா சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றை அங்கேயே வைத்திருந்தார். அதுவரை அவர் டைப்பிஸ்ட். விசையைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அடிப்பார். பத்து விரலும் ஒரே அளவு வேலை செய்யும் கை. அதனால் தொழிலாளர்கள் அத்தனை பேரின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையை அவரிடம் கொடுத்தார்கள். பக்கத்து மெஷினில் மூர்த்தி என்ற தெலுங்குப் பையன். பையன் என்றால் இருபத்தாறு வயசு இருக்கும், வாய் ஓயாமல் கேலி பேசுவான். அவர்கள் அடித்ததை அச்சில் எடுத்துச் சரிபார்ப்பது என் வேலை.

முதலில் தெரியவந்தது சத்தையாவால்தான். வார்ப்படப் பிரிவில் வேலை பார்த்த, பெரிய மீசை வைத்த ஆள். ஒருநாள் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்றார். அவர் பெயரில் முதல் எழுத்தான எஸ் விழாமல் அத்தையா என்று வந்திருந்தது. தெலுங்கில் அது மாமியாரைக் கூப்பிடுகிற சொல். காலையிலிருந்து பட்டறையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்களாம். மூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்தார். சீட்டை வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு, அதன் பிறகு என் பக்கம் திரும்பி, வேறு எங்கேயாவது இப்படி விழுந்திருக்கிறதா பார் என்றார்.

நான்தானே சரிபார்த்தேன்; என் கண்ணிலிருந்தே தப்பியிருந்தது. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் அங்கங்கே எஸ் இல்லை. எல்லா இடத்திலும் இல்லாமல் போகவில்லை. பத்தில் ஒன்றோ இரண்டோ. சீனிவாசன் ஒரு தாளில் சரியாக இருக்கிறார், அடுத்த தாளில் இல்லை.

மேனேஜருக்கு விஷயம் போனது. அவர் நல்ல மனிதர், ஆனால் சீக்கிரம் முடிவுக்கு வருகிறவர். கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, விசைப்பலகையைத்தான் மாற்ற வேண்டும் என்றான். அப்போதெல்லாம் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். மேனேஜர் உடனே எழுதிப் போட்டுவிடலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. நக்கோ சார், முதலில் பார்த்துவிடுவோம் என்று கெஞ்சினார். பார்த்து முடிக்கும் வரை பொறுத்திருப்பதாக மேனேஜர் சொன்னாரே தவிர, அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் அக்காவுக்கு ஒரே உற்சாகம். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். எள், தலைமுடி, பென்சில் தூள், முறுக்கின் ஒரு வளைவு எல்லாம் விழுந்தன. முறுக்கு மூர்த்தியுடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கொண்டை ஊசியை வளைத்து எஸ் எழுத்தின் தொப்பியை மெதுவாக நெம்பி எடுத்தார். கீழே ஒரு சின்ன ஸ்பிரிங் இருந்தது. அதைப் பக்கத்து எழுத்தின் ஸ்பிரிங்கோடு மாற்றிப் போட்டார். டிஸ்பென்சரியிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவந்து துடைத்தார். மெஷினை நிறுத்திவிட்டு வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். ஒவ்வொன்று செய்த பிறகும் அரைநாள் வேலை செய்து, என்னைத் தாளைச் சரிபார்க்கச் சொல்வார். நான் பார்ப்பேன். எஸ் விழாத இடங்கள் இருக்கும். கூடிக்கொண்டே போவதாகவும் எனக்குத் தோன்றியது.

வெங்கடேஸ்வர்லு என்று ஒருவர் பெயரைப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அதில் எஸ்ஸும் இல்லை, அடுத்து வர வேண்டிய டபிள்யூவும் இல்லை. அக்கா அந்தத் தாளை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பலகையையே மாற்றிப் போட்டுப் பார்க்க முடிவு செய்தார். தன்னுடையதை மூர்த்தியின் மெஷினில் செருகினார், அவனுடையதைத் தன் மெஷினில். மூர்த்தி அக்காவின் பலகையில் நாள் முழுக்க அடித்தான். ஒரு எஸ் கூடத் தவறவில்லை. அவனுடைய பலகையில் அக்கா அடித்ததில் எஸ் விடுபட்டிருந்தது. அப்படியானால் பலகையில் கோளாறில்லை, மெஷினில்தான் என்று மேனேஜர் சொன்னார். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். அதையும் தெரிந்துகொள்ள மறுநாள் காலை இருவரும் இடத்தையே மாற்றி உட்கார்ந்தார்கள். மூர்த்தி அக்காவின் மெஷினில், அக்கா மூர்த்தியின் மெஷினில். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நான் இரண்டு தாள்களையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். மூர்த்தியின் தாள் சுத்தமாக இருந்தது.

மூர்த்தி வழக்கம்போலக் கேலியாகச் சொன்னான். பலகையை மாற்றியாச்சு, மெஷினை மாற்றியாச்சு, நாற்காலியைக்கூட மாற்றியாச்சு. இனி மாற்றாமல் இருப்பது மேடம் ஒருவர்தான், அடுத்ததாக மேடத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றான். எல்லோரும் சிரித்தோம். அக்காதான் அதிகமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வலது கையின் ஆள்காட்டி விரலால் எஸ்ஸை அழுத்தினார். திரையில் விழுந்தது. மறுபடியும் அழுத்தினார், விழுந்தது. பிறகு இடது கையைப் பலகையின் மேல், டைப் அடிக்கிறவர்கள் வைக்கிற மாதிரி வைத்து, மோதிர விரலால் அழுத்தினார். விரல் எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது. எழுத்து கீழே இறங்கவில்லை. எஸ், டபிள்யூ, எக்ஸ் மூன்றுமே அந்த ஒரு விரலுக்குரிய எழுத்துகள் என்று டைப் கற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் எனக்கும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

"உன் கையை வை," என்றார் என்னிடம்.

அவர் கைக்குப் பக்கத்தில் என் இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தேன். இரண்டு கையையும் பார்த்தார். அவர் கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. எனக்கு அங்கே மேடாக இருந்தது. இதை எப்படி நாங்கள் பார்க்காமல் இருந்தோம் என்று எனக்கு விளங்கவில்லை. தினமும் அந்தக் கை எனக்காகப் பக்கத்து சீட்டிலிருந்து பையை எடுத்திருக்கிறது, பஸ்ஸில் என் தோளைப் பிடித்திருக்கிறது.

மூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் முகம் மாறிவிட்டது. அக்கா ஸ்வெட்டர் கையை விரல்நுனி வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார்.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. புதுசு நக்கோன்னு சார்கிட்ட சொல்லிடு," என்றார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிகள். செகந்திராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்தார். லீவு கிடைத்தபோதெல்லாம் நானும் கூடப் போனேன். அக்காவுக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்கக் கழுத்துக்குப் பட்டை போட்டார். அதில் சரியாகவில்லை என்றதும் பட்டையை எடுத்துவிட்டு சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சத்து ஊசிகள். பிறகு கையில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்க்கும் ஒரு பரிசோதனை. அது ரொம்ப வலிக்கும் போலிருக்கிறது. வெளியே வந்த அக்காவின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. ஆனால் ஆட்டோவில் வரும்போது அந்த டாக்டரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பார்க்கிறார், அவசரப்படுவதில்லை, எது என்று கண்டுபிடித்துவிடுவார் என்றார். கழுத்தாக இருந்தால் நல்லது, எலும்பைச் சரிசெய்துவிடலாம் என்று சொல்லிவந்தார். கழுத்தில்லை என்று ஆனதும், சர்க்கரையாக இருந்தாலும் பரவாயில்லை, சோற்றைக் குறைத்துவிடலாம் என்றார். நானும் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்று, அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

எல்லாம் பார்த்து முடித்த நாளில், டாக்டர் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அக்கா தானும் எழுந்து உள்ளே போனார். எனக்கும் கண்ணைக் காட்டினார். நரம்பிலிருந்து சதைக்குக் கட்டளை போகிற வழி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய் என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கு இந்தக் கை, நாளைக்கு அந்தக் கை, பிறகு கால், பேச்சு, விழுங்குவது. புத்தி மட்டும் அப்படியே இருக்கும். மருந்து கிடையாது. இதையெல்லாம் மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

"கைக்கு?" என்று கேட்டார் அக்கா.

"மாலூம் நை, அம்மா," என்றார் டாக்டர். எதனால் என்று தெரியாது என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் வேலைக்கு வருவதை உடனே நிறுத்தவில்லை. ஒன்பது விரலால் அடித்தார். பிறகு ஏழு. பிறகு வலது கையால் மட்டும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பார்த்து. எஸ் எல்லாம் விழுந்தது, ஆனால் ஒரு பக்கம் முடிக்க அரைநாள் ஆனது. மீதியை மூர்த்தி தன் மெஷினில் அடித்து, அக்காவின் தாள்களோடு சேர்த்துவிடுவான். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூர்த்தி அந்த நாளிலிருந்து கேலி பேசுவதை விட்டுவிட்டான். அக்கா தானாக ஏதாவது சொல்லி அவனைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். அவனால் முடியாது. ஒருநாள் டீக்கடையில் என்னிடம், நான் அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். சொல்லாமல் இருந்திருந்தாலும் இதேதான் என்றேன். அவன் சமாதானமாகவில்லை.

அப்போதுதான் புது விசைப்பலகை வந்து சேர்ந்தது. மேனேஜர் எழுதிப் போட்டதையே நாங்கள் மறந்திருந்தோம். அவர் பெட்டியைத் தன் கையாலேயே பிரித்து, அக்காவின் மேஜைமேல் வைத்து, வயரைச் செருகிவிட்டு நின்றார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழையதைவிட எழுத்துகள் மெத்தென்று இருந்தன. அக்கா வலது கையால் ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு சார், லேசா இருக்கு என்றார். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனவர், செருப்பைப் போட மறந்து வராந்தாவின் கடைசி வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார்.

வீட்டில் அக்காவின் கணவர் மாறிப்போனார். சென்னைக்குக் கூட்டிப்போனார், வேலூருக்குக் கூட்டிப்போனார், எல்லா இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். அதற்கப்புறம் அவர் பொருள்கள் வாங்க ஆரம்பித்தார். புது மிக்சி, புது ஃபிரிட்ஜ், கட்டில், மெத்தை, நான்கு மின்விசிறிகளும் புதிது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக்கூட மாற்றினார். நான் ஒவ்வொரு தடவை போகும்போதும் கூடத்தில் ஏதாவது ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றுக்கும் நக்கோ சொல்லவில்லை. அப்போது அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது, ஆனாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடிந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். சைனிக்புரியிலிருந்து ஒரு ரிட்டையர்டு சுபேதாரின் மனைவி தைலம் கொண்டுவந்து தேய்த்தார். ஒருவர் காந்த வளையல் கொடுத்தார். நான் தினமும் ரசம் கொண்டுபோனேன். ரசத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் போலாரத்துக்கு டவுன் பஸ் பிடித்துப் போய், அவர் மகளுக்குத் தலை பின்னிவிடுவேன். பன்னிரண்டு வயசுப் பெண். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொல்லுவாள். அம்மாவிடம் மட்டும் தமிழில் பேச ஆரம்பித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். தெலுங்கில் பேசினால் அம்மா தெலுங்கில் பதில் சொல்லப் பார்க்கிறாள், அந்தச் சொற்கள் அவள் வாயில் இன்னும் கஷ்டமாக வருகின்றன என்றாள். அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பேச்சு முழுக்க நின்றுவிட்டது. கண் மட்டும் அவர் சொல்கிறபடி கேட்டது. மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் வேண்டாம் என்று வீட்டுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அந்த மழைக்காலத்தில், சளி கட்டி மூச்சுவிட முடியாமல், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, போய்விட்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். ஜன்னல் ஓரமாக சாய்வு நாற்காலியில் தலையணைகளை அண்டக்கொடுத்து அக்காவை உட்காரவைத்திருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூர்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னபோது கண் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் என்னையே பார்க்க ஆரம்பித்தார். எதையோ கேட்கிற பார்வை.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஃபேன் போடட்டுமா, தண்ணி வேணுமா என்று சேர்த்துக் கேட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். எதற்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணின் ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொன்றாகக் கேள் என்கிறார்.

நிதானப்படுத்திக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஃபேனா? மூடினார். தண்ணியா? மூடினார். தலையணை இறங்கிடுச்சா? மூடினார். காலை நகர்த்தணுமா? மூடினார். மூக்கு அரிக்கிறதா, காது அரிக்கிறதா, முதுகா? மூடினார். ஜன்னல் கதவைச் சாத்தணுமா? ரேடியோ வேணுமா? பாத்ரூம் போகணுமா? வலிக்கிறதா? கொசுவா? உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்னு கேக்கறீங்களா? பொண்ணைப் பத்தியா? ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகக் கண்ணை மூடித் திறந்தார். அறையில் இருந்த எல்லாப் பொருளின் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லா மனிதர்களின் பெயரையும் சொன்னேன். பிறகு கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எதிரில் அழக்கூடாது என்று எழுந்து பையை எடுத்தேன். நாலரை மணி பஸ்ஸை விட்டால் லோத்குண்டாவுக்கு அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

"நான் கிளம்பட்டுமாக்கா?" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். மற்றதற்கெல்லாம் மூடித் திறந்த மாதிரி இல்லை. இறுக்கி மூடி, அப்படியே வைத்திருந்தார்.

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டேன். அதற்குக் கனமே இல்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போனது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.